அம்மாவின் மறதிக் குளிசையும் கடிக் குளிசையும்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

உறவுகளே, நாங்கள் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது, எட்டு மாதத்துக்கு முதல் அல்சைமர் மறதி நோய் என்று சொன்னார்கள். அதற்கு டொனெபெசில் என்ற குளிசை, 5 மில்லிகிராமில் தொடங்கி இப்போது இரவில் 10. ஞாபகத்துக்கு வேண்டிய, மூளையில் செய்தி கடத்துகிற அசெட்டைல்கோலின் என்ற இரசாயனம் இந்த நோயில் குறைந்து போகும், மிச்சமிருப்பதை உடைக்கிற நொதியை இந்தக் குளிசை மறிக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். உண்மையிலேயே கொஞ்சம் தெளிந்தார், பேரப்பிள்ளைகளின் பெயர் தடுமாறாமல் வந்தது.

மூன்று கிழமைக்கு முதல் கை கால் எல்லாம் கடி, அதுதான் அரிப்பு. இன்னொரு இடத்தில் காட்ட, குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தரம் தந்தார்கள். ஐந்தாம் நாளில் இருந்து அம்மா பழையபடி. விடிய நாலு மணிக்கு எழும்பி, இல்லாத கன்றை அவிழ்க்கப் போகிறார், படலையைப் பிடித்துக்கொண்டு கயிறு எங்கே, கயிறு எங்கே என்று கேட்கிறார், பார்க்க நெஞ்சு தாங்கவில்லை. வாய் காய்கிறது, மலச்சிக்கலும். தேடிப் பார்த்தால் அந்தக் குளிசை அசெட்டைல்கோலினின் வேலையையே தடுக்குமாம்.

இரண்டு நாள் நிறுத்தினோம், கடி தாங்காமல் இரத்தம் வரச் சொறிந்துவிட்டார். வேப்பிலை அவித்து வார்த்தோம், சவர்க்காரம் மாற்றினோம், தேங்காயெண்ணெயும் பூசினோம், சரிவரவில்லை. இந்தத் தடுமாற்றத்துக்குச் சிறுநீரில் கிருமி காரணமோ என்று அதையும் சோதித்தாயிற்று, கிருமி இல்லை. அடுத்த கிளினிக் மாத முடிவில்தான்.

டொனெபெசில் எடுக்கும் ஒருவருக்கு, அசெட்டைல்கோலினைத் தடுக்காத கடி மருந்து எது என்று டொக்டரிடம் கேட்கலாம்?