காண்டாமிருகத்துக்குச் சிலை வைத்தால் காண்டாமிருகம் பிழைக்குமா?

நெய்தல்:
ஆஸ்திரேலியச் சிற்பிகளான கில்லி, மார்க் ஷாட்னர் தம்பதியர் 2018 மார்ச்சில் நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸ் சதுக்கத்தில் 17 அடி உயர வெண்கலச் சிற்பம் ஒன்றை நிறுவினார்கள். அப்போது உலகில் எஞ்சியிருந்த வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களான சூடான், அதன் மகள் நஜின், பேத்தி ஃபாத்து ஆகிய மூன்றும் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. சிற்பம் திறக்கப்பட்ட சில நாள்களிலேயே, மார்ச் 19 அன்று, கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் சூடான் இறந்தது. ஓர் இனத்தின் கடைசி ஆணுக்கு முகமும் பெயரும் உண்டு என்று நகரத்தின் நடுவில் நின்று சொல்வதைவிடப் பொதுச் சிற்பத்துக்கு உயர்ந்த வேலை இல்லை என்பது என் கருத்து.

உளிமுனை:
உங்கள் சான்றே என் மறுப்பு. சிற்பம் எழும்போது அந்த இனம் ஏறத்தாழ முடிந்திருந்தது. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆன கொம்பை மருந்தென்று நம்பி வாங்குபவர்கள் பெரும்பாலும் வியட்நாமிலும் சீனாவிலும் இருக்கிறார்கள். ஆஸ்டர் பிளேஸைக் கடந்து அலுவலகம் செல்பவர் கண்கலங்குவதால் அந்தச் சந்தை சுருங்காது. சுரங்கத்தில் எடுத்த செம்பையும் வெள்ளீயத்தையும் ஆயிரம் டிகிரியைத் தாண்டிய உலையில் உருக்கித்தான் இயற்கைக்காகப் பேச வேண்டுமா?

இதே தம்பதியர் 2019இல் பாலினச் சமத்துவத்துக்காக ஆறாவது அவென்யூவில் வைத்த பத்துப் பெண்களின் சிலைகள் எனக்கு இன்னும் உறுத்துகின்றன. ஓப்ரா வின்ஃப்ரி, நிக்கோல் கிட்மன், பாடகி பிங்க் ஆகியோரை அறியாதவர் அந்தத் தெருவில் யார்? மறக்கப்பட்ட பெண்களுக்கல்லவா சிலை தேவை?

நெய்தல்:
பிரபலங்களைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதே வரிசையில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலும், ஜிம்பாப்வேயில் பிறந்து கல்விக்காக உழைக்கும் டெரராய் டிரெண்ட்டும் இருந்தார்கள். கொம்புச் சந்தையைச் சிலை தொடவில்லை என்பதும் சரியே. எனினும் சூடானுக்குப் பின் அந்த இனத்தின் கதி ஆய்வகத்தில் இருக்கிறது: அதன் நெருங்கிய உறவான தென் வெள்ளைக் காண்டாமிருகத்தின் கருவை முன்னோட்டமாக வாடகைத் தாயிடம் செலுத்திக் கருத்தரிக்கச் செய்ததை, வடக்கு இனத்தை மீட்க முயலும் பயோரெஸ்க்யூ திட்டத்தின் விஞ்ஞானிகள் 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தத் தாய் நோய்த்தொற்றால் இறந்தபோதும் வழி உண்டென்பது உறுதியானது. நஜின் 2021இலேயே கருமுட்டை தருவதிலிருந்து விடுவிக்கப்பட்டதால், அதைத் தர ஃபாத்து ஒன்றே மிச்சம். இத்தகைய நெடிய, செலவு மிகுந்த முயற்சிக்கு அரசுகள் பணம் ஒதுக்க, அக்கறை கொண்ட பொதுமக்கள் வேண்டாமா?

கானகன்:
பார்ப்பவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சிற்பம் காட்டினால் இந்தச் சண்டை பாதி தீரும். 2019 இறுதியில் இவர்கள் லண்டனின் மார்பிள் ஆர்ச்சில் வைத்த யானைக் கூட்டச் சிற்பம், கென்யாவில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை வளர்க்கும் அநாதைக் குட்டிகளுக்காக எழுந்தது. அந்த அறக்கட்டளையிடம் ஒரு குட்டியைத் தத்தெடுத்து, அதன் பராமரிப்புக்கு யாரும் பணம் அனுப்பலாம்.

உளிமுனை:
கானகன் சொல்வதை ஏற்கிறேன். ஒரு குட்டியின் பால் செலவுக்கு வழிகாட்டும் வெண்கலத்தின் மீது எனக்கு வழக்கில்லை. ஆனால் காண்டாமிருகத்துக்கு அந்த நியாயம் பொருந்த வேண்டுமென்றால் இடம் மாற வேண்டும். சூடானின் சிலை வியட்நாமின் ஹனோயில் மருந்துக் கடைகள் நிறைந்த ஒரு தெருவில், கொம்பு வாங்க வருபவரின் கண்ணெதிரே நிற்குமானால், அன்று என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.