படியில் படுக்கிற நாய்க்கு உரிமம் வேண்டுமா?

பெரம்பூர்க்காரி:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று எங்கள் மாடிப்படியில் ஒதுங்கிய நாய் இன்னும் இறங்கவில்லை. செவலை நிறம், பெயரும் செவலைதான். காது நுனியில் கத்தரித்த மாதிரி ஒரு வெட்டு. இரண்டு வேளையும் சோறு நான்தான் போடுகிறேன். இடி இடித்தால் உள்ளே ஓடிவந்து கிரைண்டருக்குப் பின்னால் நுழைந்துகொள்ளும். மற்றபடி படிதான் அதன் வீடு. கீழ்வீட்டு மாமா, "இது உங்க நாயா, தெரு நாயா, முடிவு பண்ணுங்கம்மா. உரிமம் இல்லேன்னா அஞ்சாயிரம் அபராதம்" என்கிறார். உண்மையில் இதற்கும் வாங்க வேண்டுமா? வெறிநாய்த் தடுப்பூசி கடைசியாகப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அப்புறம், உடம்பில் ஏதோ சிப் வைப்பார்களாமே, தொலைந்தால் போனில் காட்டுமா?

ரெண்டு நாய் அப்பா:
மாமா சொல்வது சரிதான். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய் உரிமத்துக்கு 2025 நவம்பர் என்று முதலில் கெடு வைத்து, பிறகு டிசம்பருக்குத் தள்ளினார்கள். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய். உரிமக் கட்டணமோ வெறும் 50. ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

உங்கள் ஊசி காலாவதி. முதலில் அதைப் போடுங்கள். சான்றிதழில் டாக்டர் கையெழுத்தோடு முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நான் பார்க்காமல் வந்து, அந்த ஒரு முத்திரைக்காக ஆட்டோவில் இரண்டு நாயோடு திரும்பிப் போனேன்.

கால்நடை மாணவன்:
சிப் போனில் காட்டாதுங்க அக்கா. அதில் பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அரிசி மணி அளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உங்கள் பெயரும் போன் நம்பரும் பதிவாகியிருந்தால் உங்களைத் தேடிப் பிடிப்பார்கள். ஊசி கொஞ்சம் தடிமன், ஒரு தடவை கத்தும்.

காது வெட்டு காயமில்லை. கருத்தடை ஆன தெரு நாய்க்கு அடையாளமாக மயக்கத்தில் இருக்கும்போதே அப்படி வெட்டிவிடுவார்கள். யாரோ முன்பே அந்த வேலையை முடித்துவிட்டார்கள்.

தெருவோரத்து ஆள்:
நான் எங்கள் தெருவில் ஏழு நாய்க்குச் சோறு வைக்கிறேன். ஒன்றுக்கும் உரிமம் வாங்கவில்லை, அவை தெருவுக்குச் சொந்தம். ஆனால் உங்களுடையது கிரைண்டருக்குப் பின்னால் போய் ஒளிகிறதே! அது எப்போதோ உங்களை எழுதி வாங்கிவிட்டது.

பெரம்பூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊசி, இந்த ஞாயிறு சிப். முத்திரையை மூன்று தடவை பார்த்தேன். கத்தியது நாயில்லை, கூட வந்த என் பையன். கழுத்தில் பட்டை கட்டிக் கூட்டிப்போனதற்குத்தான் செவலைக்குக் கோபம். விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்டார்கள். எட்டு எடுத்தேன், ஏழில் பின்பக்கம்தான். இனம் என்ற இடத்தில் நாட்டு நாய் என்று போட்டாயிற்று. உரிமத்தைக் காட்டியதும் கீழ்வீட்டு மாமா கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். இன்று காலை செவலை அவர் செருப்பின்மேல் படுத்திருந்தது. "உங்க நாயைக் கூப்பிடுங்க" என்றார்.