கேப்சூலுக்குத் தமிழ்: குளிகையா, பொதியுறையா, சிமிழா?

அன்புள்ள மொழிபெயர்ப்புக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பைத்தான் நிரல்மொழியைச் சி மொழி நிரல்களோடு இணைக்கும் சி இடைமுகத்தில் வரும் கேப்சூல் என்னும் பொருளுக்கு இந்த இழையில் இதுவரை குளிகை, பொதியுறை, முத்திரைப் பேழை ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் சிமிழ் என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். சொல்லை எடைபோடும் முன் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லிவிடுகிறேன். முந்தைய மடல்களில் பாதிக் கருத்து வேறுபாடு அதில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

சி மொழியில் எழுதித் தொகுத்த இரண்டு நீட்சிகளை, அதாவது பைத்தானோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்தொகுதிகளை, ஒரே பைத்தான் நிரல் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். முதல் நீட்சியில் உள்ள செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை இரண்டாவது நீட்சி நேரடியாக அழைக்க விரும்பினாலும், பெயரைச் சொல்லி அழைக்க இயலாது. லினக்ஸில் பைத்தான் ஒரு நீட்சியை ஏற்றும்போது அதிலுள்ள பெயர்கள் மற்ற நீட்சிகளுக்குத் தெரியாதவாறு ஏற்றுவதே இயல்பு. விண்டோஸில் இணைக்கும் முறையே வேறு. ஆகவே முதல் நீட்சி தன் செயற்கூறுகளின் முகவரிகளை ஓர் அட்டவணையில் அடுக்கி, அந்த அட்டவணையைக் காட்டும் வகையற்ற சுட்டியை (நினைவக முகவரியை) கேப்சூல் என்னும் பைத்தான் பொருளினுள் இட்டு, அந்தப் பொருளைத் தன் பண்புகளில் ஒன்றாக வெளியே வைக்கிறது. பைத்தான் நிரல் அதை மாறியில் வைக்கலாம், பட்டியலில் சேர்க்கலாம், வேறொரு செயற்கூற்றுக்கு அனுப்பலாம். உள்ளே இருப்பதைத் தொட முடியாது. திறப்பது சி மொழியில் எழுதப்பட்ட பகுதி மட்டுமே.

நேரில் காண விரும்புவோர் பைத்தானைத் திறந்து நாளையும் நேரத்தையும் கையாளும் டேட்டைம் நீட்சியை இறக்குமதி செய்து, அதன் 'டேட்டைம்_சிஏபிஐ' என்னும் பண்பை அச்சிட்டுப் பாருங்கள். கேப்சூல் என்னும் வகைப்பெயரும், மேற்கோள் குறிகளுக்குள் 'டேட்டைம்.டேட்டைம்_சிஏபிஐ' என்னும் பெயரும், பதினாறன் அடிமான எண் ஒன்றும் வரும்; அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. புள்ளிக்கு முன் நீட்சியின் பெயர், புள்ளிக்குப் பின் பண்பின் பெயர் என்பது மரபு. திறக்க வரும் சி நிரல் இதே பெயரை எழுத்துக்கு எழுத்து சரியாகச் சொல்லவேண்டும். இல்லையேல் சுட்டி கிடைக்காது, பெயர் தவறு என்னும் பிழை எழும்.

இந்தப் பெயர்தான் நம் விவாதத்தின் மையம். கேப்சூல் பைத்தான் 3.1, 2.7 ஆகிய பதிப்புகளில் வருவதற்கு முன் இதே வேலையைச் சிஆப்ஜெக்ட் என்னும் வகை செய்துவந்தது. அதில் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. ஒரு நீட்சியின் சிஆப்ஜெக்டை எடுத்து, வேறொன்றை எதிர்பார்க்கும் நீட்சியிடம் சாதாரணப் பைத்தான் வரிகளாலேயே கொடுத்துவிட முடியும். வாங்கிய நீட்சி அதைத் தன் அட்டவணை என்றே நம்பி உள்ளே புகும், நிரல் முழுவதும் சரிந்துவிடும். 3.2 பதிப்பில் அந்த வகையையே நீக்கிவிட்டார்கள்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> குளிகை ஏற்கெனவே அகராதியில் உள்ள சொல். மருந்துக் கேப்சூலுக்கும் அதுவே பொருந்தும்.

மருந்துக்குப் பொருந்தலாம். ஆனால் குளிகை என்பது உருட்டிய மாத்திரை. அதற்கு உள்ளும் இல்லை, மூடியும் இல்லை. மருந்துக் கேப்சூலாகவே கொண்டாலும், விழுங்கியபின் அதன் கூடு கரைந்துவிடுகிறது. நம்முடையது எத்தனை முறை திறந்தாலும் அப்படியே இருக்கிறது. நாட்காட்டியில் இராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குளிகையையும் மறந்துவிட வேண்டாம்.

> பொதியுறை என்றால் உறைபொதியாக்கத்தோடு உறவு தெரியும்.

அந்த உறவே எனக்குத் தடையாகப் படுகிறது. உறைபொதியாக்கம் என்பது தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் ஓர் இனக்குழுவுக்குள் (கிளாஸ்) சேர்த்து வைக்கும் கோட்பாடு. பள்ளி மாணவர்கள் அந்தப் பொருளில்தான் படிக்கிறார்கள். இங்கு இருப்பதோ ஒற்றைச் சுட்டி. இரண்டும் ஒரே வேரில் நின்றால், படிப்பவர் இல்லாத தொடர்பைத் தேடுவார். மேலும், உறையைக் கிழித்துத் திறக்கிறோம்.

முத்திரைப் பேழை அழகான தொடர்தான். ஆனால் முத்திரை என்றதும் காப்பு என்னும் எண்ணம் வந்துவிடுகிறது, இங்கு அப்படிப்பட்ட காப்பு கிடையாது. சி நிரல் கேப்சூலிடமே அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திறக்கலாம். பெயர் சரியாக இருந்து உள்ளிருக்கும் வகை வேறாக இருந்தால் பழைய சரிவு மீண்டும் நிகழும். பெயர் கவனப்பிழையைத் தடுக்கும், கள்ளனைத் தடுக்காது. பேழைக்குப் பூட்டு உண்டு. நமக்கு வேண்டியது மூடி மட்டும் உள்ள கலம்.

குங்குமச் சிமிழை நினைத்துக்கொள்ளுங்கள். கையளவே இருக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது, மூடியைத் திறந்து எடுத்துவிட்டு மறுபடி மூடலாம், கைமாற்றிக் கொடுக்கலாம். குங்குமமா விபூதியா என்று தெரிய மூடிமேல் ஒரு சீட்டை ஒட்டினால் நம் கேப்சூல் ஆயிற்று. சீட்டு என்று தெரிந்தே சொல்கிறேன், பொறிப்பு என்று சொல்லவில்லை. கேப்சூல் பெயரைப் படியெடுத்து வைத்துக்கொள்வதில்லை. பெயர் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. நான் எழுதிய முதல் நீட்சியில் பெயரைச் செயற்கூற்றுக்கு உள்ளேயே ஒரு தற்காலிக அணியில் (அரே) கோத்துக் கொடுத்தேன். செயற்கூறு முடிந்ததும் அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவது நீட்சி சரியான பெயரைச் சொல்லியும் பெயர் தவறு என்றே பதில் வர, அரை நாள் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

சீட்டை மாற்றவும் முடியும் என்பது சிமிழுக்கு இன்னொரு சாட்சி. எண்சார் நூலகங்கள் தமக்குள் அணிகளைப் படியெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் டிஎல்பேக் நெறிமுறையில், கொடுப்பவர் 'டிஎல்டென்சர்' என்னும் பெயரோடு கேப்சூலைக் கொடுக்கிறார். வாங்குபவர் உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டதும் பெயரை 'யூஸ்டு_டிஎல்டென்சர்' என்று மாற்றிவிடவேண்டும். கேப்சூல் அழியும் வேளையில் ஓடும் அழிப்பி, பழைய பெயரே இருந்தால் நினைவகத்தை விடுவிக்கும், மாறியிருந்தால் கைவைக்காது. இதையே 'வெற்றுச் சிமிழ்' என்று ஆவணத்தில் எழுதிப் பார்த்தேன், விளக்கம் தேவைப்படவில்லை.

சிமிழ் என்றால் பூசையறை மணக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மைச்சிமிழும் உண்டு என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்புக்கு இருக்கும் கரண்டகம் என்ற சொல்லும் மனத்தில் வந்தது. இன்று அதைக் கண்டவர்களே குறைவு என்பதால் விட்டுவிட்டேன். இலக்கணத்திலும் இடர் இல்லை: சிமிழை, சிமிழில், சிமிழ்கள், சிமிழிடுதல்.

தனியே நின்றால் சிமிழ் என்றும், முதல் முறை வரும் இடத்தில் சுட்டிச்சிமிழ் என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. இதில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. மேசைமேல் நகர்த்தும் மவுஸையும் வலைப்பக்க இணைப்பையும்கூட நம்மில் பலர் சுட்டி என்றே எழுதுகிறோம். சி மொழிப் பகுதி முழுவதற்கும் 'சுட்டு' என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீரும். அ, இ, உ ஆகியவற்றைச் சுட்டெழுத்து என்று படித்தவர்களுக்கு அது அந்நியமாகவும் தோன்றாது. ஆனால் இதுவரை மொழிபெயர்த்த பக்கங்கள் எல்லாவற்றிலும் சுட்டி இருக்கிறது. அவற்றைத் திருத்தும் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் சுட்டுச்சிமிழ் என்றே பதிந்துவிடலாம். இல்லையெனில் இப்போதைக்குச் சுட்டிச்சிமிழ். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.