கார்த்திகை மாதத்துச் சோறு

குழு: வடக்குத் தெரு வீடு

தம்பி: [போட்டோ]

தம்பி: நேற்று ராத்திரி ஊருக்கு வந்தேன். காலையில் பால் வாங்கப் போனபோது நம்ம தொடக்கப்பள்ளியில் எடுத்தது. ரவா கிச்சடி, சாம்பார். இந்த மழையிலும் பிள்ளைகள் எட்டு மணிக்கே தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சித்தி: சாம்பார் கெட்டியாக இருக்கே, நல்லா செய்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் காலை உணவுத் திட்ட விரிவாக்கத்தைத் தொடங்கி வைத்தார்களே, அதற்கு அப்புறம்தான் நம்ம பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்கெல்லாம் காலைச் சாப்பாடு வந்தது.

கும்பகோணம் அத்தை: நமக்கெல்லாம் காலையில் பழையதுதான்.

பெரியப்பா: அது எந்த மாதம் என்பதைப் பொறுத்ததும்மா. தை, மாசி என்றால் பழைய சோறு. கார்த்திகை என்றால் நீராகாரம் மட்டும்தான். நீ சின்னப் பிள்ளை, நினைவிருக்காது.

கும்பகோணம் அத்தை: நீராகாரம் நினைவிருக்கு அண்ணே. ஒரு கல் உப்பு, ஒரு சின்ன வெங்காயம். சோறு எங்கே என்று கேட்டால் அம்மா பதில் சொல்லாது.

நான்: நெல் விளைகிற ஊரில் ஏன் பெரியப்பா அப்படி? தஞ்சாவூர் நெற்களஞ்சியம் என்றுதானே நாங்கள் படித்தோம்.

பெரியப்பா: களஞ்சியம் மேலே இருந்தது, நாம் கடைமடை. மேட்டூரில் ஜூன் மாதம் திறந்த தண்ணீர் திருத்துறைப்பூண்டி தாண்டி நம்ம வாய்க்காலுக்கு வரும்போது ஆடி பாதி போயிருக்கும். குறுவை கிடையாது, சம்பா ஒருபோகம்தான். அறுப்பு தையில். அதில் குத்தகை, கடன், விதைநெல் எல்லாம் போக மிச்சம்தான் குதிருக்குள். புரட்டாசியில் குதிரின் அடி தட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வயலில் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், வீட்டில் அரிசி இருக்காது. களையெடுப்பும் முடிந்துவிட்டால் கூலி வேலையும் இல்லை. தெற்குத் தெருவில் நம்மைவிட மோசம்.

தம்பி: அப்போ பள்ளிக்கூடத்தில் மதியம் போட்டார்களா?

பெரியப்பா: போட்டார்கள். காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியது சில வருடத்தில் நம்ம ஊருக்கும் வந்தது. முதலில் ஊர்க்காரர்களே நெல்லும் காயும் கொடுத்து நடந்தது. அப்புறம் ‘கேர்’ என்கிற தொண்டு நிறுவனம் மூலமாக அமெரிக்காவிலிருந்து கோதுமை ரவை, பால் பவுடர், எண்ணெய் வர ஆரம்பித்தது. எண்ணெய் டின்னில் இரண்டு கை குலுக்குகிற படம் இருக்கும். காலியான டின் ஒவ்வொன்றும் யார் வீட்டிலாவது தண்ணீர் வாளியாகிவிடும்.

உங்க தாத்தாவுக்கு நாங்கள் அங்கே சாப்பிடுவது பிடிக்காது. நெல் உள்ள வீட்டுப் பிள்ளை தட்டேந்தக் கூடாது என்பார். குதிர் காலியாக இருப்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் அப்படித்தான். கார்த்திகை பிறந்ததும் உங்க அப்பாயி சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவே அலுமினியத் தட்டைச் செருகி, பையை என் தோளில் மாட்டிவிடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். தை அறுப்பு முடிந்தால் தட்டு மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.

கும்பகோணம் அத்தை: விளிம்பில் ஒரு நெளிவு இருக்குமே, அந்தத் தட்டா? அப்புறம் எனக்கும் அதுதான் வந்தது! கோதுமை உப்புமா அந்த நெளிவு வழியாக மடியில் கொட்டும்.

பெரியப்பா: அதேதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெற்குத் தெருப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது ஒன்றுதான். நம்ம வீட்டுத் திண்ணையில் அது நடக்கவில்லை. ஊர்ப் பெருமை பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

சித்தி: உண்மைதான் மாமா. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சில வீட்டுக்காரர்கள் வந்து, அந்த வரிசையிலிருந்து பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நான்: சித்தி, நீங்கள் சேர்ந்தது எப்போது?

சித்தி: 1982. ஜூலை 1-ல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தார். அந்த வருடமே எனக்கு அமைப்பாளர் வேலை, கல்யாணமாகி வந்த புதிது. தினமும் காலையில் வகுப்பு வகுப்பாக எண்ணிக்கை வாங்கி, அதற்கு ஏற்றபடிதான் அரிசி அளப்பேன். பெரியப்பா சொல்கிற கணக்கை நான் அந்த நோட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் எண்ணிக்கை ஏறும். எவ்வளவு மழை பெய்தாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். தையில் குறையும், பெரிய பிள்ளைகள் கதிர் பொறுக்கப் போய்விடுவார்கள்.

கஷ்டம் என்றால் விறகுதான். அடைமழையில் நனைந்து புகையும், ஆயாவும் நானும் மாறி மாறி ஊதுவோம். சோறு வேகத் தாமதமானால் மணியடித்த பிறகு பிள்ளைகள் தட்டோடு சமையல்கூட வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு பிள்ளையும் சத்தம் போடாது. அது இன்னும் கஷ்டமாக இருக்கும்.

தம்பி: முட்டை எப்போது வந்தது?

சித்தி: 1989-ல், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வெள்ளையை முதலில் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைச் சோற்றுக்கு அடியில் புதைத்து வைப்பான். சாம்பார் சோறு முழுக்கத் தின்ற பிறகு அதை எடுத்து, நாக்கில் வைத்துக் கரைய விடுவான். அவன் முடிக்கும்வரை நான் பாத்திரம் கழுவச் சொல்ல மாட்டேன்.

நான்: உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கும் சத்துணவு உண்டு. அம்மா எனக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுக்கும், மதியத்துக்குள் புளித்துவிடும். பூவரச மரத்தடியில் பக்கத்தில் உட்காரும் தோழி சத்துணவுத் தட்டோடு வருவாள். பாதிப் பாதி மாற்றிக்கொள்வோம். அவளுக்கு நார்த்தங்காய் வேண்டும், எனக்கு அந்தச் சுடுசோறு வேண்டும்.

கும்பகோணம் அத்தை: நீ கொடுத்து வைத்தவள். டவுன் பள்ளிக்கு நான் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் ஒரு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியே போய்ச் சாப்பிடு என்றார். மழை வேறு. சைக்கிள் கொட்டகையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. எங்கம்மா மூன்று நாள் சுண்ட வைத்த குழம்பு அது. அதைவிட நல்ல சாப்பாடு அந்த வகுப்பில் யாரிடமும் இருந்திருக்காது.

பெரியப்பா: இதை நீ சொன்னதே இல்லையேம்மா.

கும்பகோணம் அத்தை: அம்மாவிடம் எப்படி அண்ணே சொல்வது? மறுநாள் முதல் வெறும் மோர்ச்சோறு போதும் என்றேன். வயிறு சரியில்லையா என்று சுக்கு தட்டிக் கொடுத்தது.

தம்பி: அத்தை, அந்தக் குழம்பு எப்படி வைப்பது? மழை விடுவதாக இல்லை. ஊரில் மண்சட்டி இருக்கு, முத்துப்பேட்டையில் கருவாடு வாங்கி வருகிறேன்.

கும்பகோணம் அத்தை: எழுதிக்கொள். புளியைக் கெட்டியாகக் கரை. கத்தரிக்காய், சின்ன வெங்காயம் முழுசாக, மாங்காய் கிடைத்தால் இரண்டு துண்டு. எண்ணெயில் வதக்கி, புளியும் மிளகாய்த்தூளும் கொதித்த பிறகுதான் கருவாடு. முதல் நாள் தண்ணியாகத்தான் இருக்கும், கவலைப்படாதே. இரண்டாம் நாள் தண்ணீர் விடாமல் சின்னத் தீயில் சுடவை. மூன்றாம் நாள் சட்டியோடு ஒட்டும், அப்போதுதான் அது குழம்பு.

பெரியப்பா: குழம்பு தீர்ந்ததும் சட்டியில் பழைய சோற்றைப் போட்டுத் துடைத்து உருட்ட வேண்டும். அந்த உருண்டை யாருக்கு என்றுதான் உங்க அப்பாவுக்கும் எனக்கும் சண்டை.

சித்தி: சுடவைக்கும்போது மூடாதே தம்பி, மூடியில் கோத்த நீர் குழம்பில் விழும். கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசு. உப்பை முதலிலேயே போட்டுவிடாதே, சுண்டச் சுண்ட ஏறும்.

தம்பி: சரி சித்தி. கத்தரிக்காய் எத்தனை?

கும்பகோணம் அத்தை: சின்னதாக இருந்தால் ஆறு. காம்பை நறுக்காதே.