ஒரு சொல்லுக்குத்தான் ஸ்ட்ராங் போட்டேன், பக்கம் முழுக்கத் தடித்த எழுத்து ஆகிவிட்டது, ஏன்?

அணில்வால்:
இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் கற்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. வெறும் நோட்பேடில் எழுதி பிரவுசரில் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தலைப்பு, கீழே ஆறு பத்தி, ஒரு படம், என் பக்கம் அவ்வளவுதான். இரண்டாவது பத்தியில் ஒரே ஒரு சொல்லை அழுத்திக் காட்டலாமென்று ஸ்ட்ராங் டேக் (தடித்த எழுத்தாகக் காட்டும் குறி) போட்டேன், அந்தச் சொல்லிலிருந்து பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் எல்லாமே தடித்துப் போய்விட்டது. மூடும் டேக்கும் போட்டிருக்கிறேன், நாலு தடவை பார்த்துவிட்டேன். இதில் கூத்து என்னவென்றால், மூன்று இடத்தில் பத்திக்குப் போடும் பி டேக்கை மூடவே மறந்திருக்கிறேன், அங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறந்த இடத்தில் சும்மா விட்டுவிட்டு, மறக்காத இடத்தில் உதைக்கிறது. பிழை என்று பிரவுசரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறது.

இன்னொன்று, படம் என் கணினியில் தெரிகிறது, சர்வரில் ஏற்றினால் தெரியவில்லை. அப்புறம், நூற்றுக்கு மேல் டேக் இருக்கிறதாமே, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பழைய கீபோர்டு:
பி-யை மூடாமல் விட்டது பிழையே இல்லை. அடுத்த பி-யோ ஒரு தலைப்போ பட்டியலோ தொடங்கினால் முந்தைய பத்தி அங்கேயே முடிந்தது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும், விதியே அப்படித்தான். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு 1990களின் தொடக்கத்தில் எச்டிஎம்எல்லை எழுதியபோது பி என்பது பத்தியைச் சுற்றிப் போடும் உறை இல்லை, இரண்டு பத்திகளுக்கு நடுவே வைக்கும் பிரிப்பு. அதற்கு மூடும் டேக்கே கிடையாது. 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0இல்தான் அது உறை ஆனது, அப்போதும் மூடுவது உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் போடும் எல்ஐ-க்கும் இதே சலுகை உண்டு.

ஸ்ட்ராங், எழுத்தைச் சாய்த்துக் காட்டும் இஎம் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. மூடாமல் விட்டால், பத்தி முடிந்த பிறகும் அது திறந்தே கிடப்பதாகப் பிரவுசர் கணக்கில் வைத்திருக்கும், அடுத்த பத்தி தொடங்கியதும் அதற்குள் தானாகவே ஒரு ஸ்ட்ராங்கைத் திறந்துவிடும், அதற்கடுத்த பத்தியிலும் அப்படியே. நீங்கள் மூடிவிட்டேன் என்கிறீர்கள், ஆனால் அறிகுறி மூடாத அறிகுறிதான். மூன்றாவது பத்தி மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வியூ சோர்ஸ் வேண்டாம், அது நீங்கள் எழுதியதை அப்படியே காட்டும். இன்ஸ்பெக்ட் காட்டுவது பிரவுசர் என்ன புரிந்துகொண்டது என்பதை.

அணில்வால்:
பார்த்தேன். மூன்றாவது பத்திக்குள் ஒரு ஸ்ட்ராங் இருக்கிறது, அதற்குள்ளேயே இன்னொரு ஸ்ட்ராங். நான்காவது, ஐந்தாவதிலும் இதே இரட்டை. நான் ஒன்றுதானே போட்டேன்?

பழைய கீபோர்டு:
சரி, கிடைத்துவிட்டது. நீங்கள் மூடவில்லை, இரண்டாவது தடவை திறந்திருக்கிறீர்கள். மூடும் டேக்கில் பெயருக்கு முன்னால் சாய்கோடு (/) இருக்கிறதா பாருங்கள். எழுத்துக்கூட்டலைத் தேடிப் பார்க்கிற கண்ணுக்கு அந்தக் கோடு இல்லாதது தெரியாது, எனக்கே இத்தனை வருஷம் கழித்தும் நடக்கும்.

அரைப்புள்ளி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் இந்த விருப்பச் சலுகையை நம்பாதீர்கள் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் மூடுங்கள். எதற்குச் சலுகை, எதற்கு இல்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்வதைவிட மூடிவிடுவது சுலபம். படம், வரிமுறிவு மாதிரி உள்ளே எதுவும் வைக்க முடியாத டேக்குகளுக்கு மட்டும் மூடும் டேக் கிடையாது. விஎஸ் கோட் மாதிரி ஓர் எடிட்டருக்கு மாறினால் திறந்தவுடனே மூடும் டேக்கையும் அதுவே போட்டுவிடும். பிரவுசர் வாயைத் திறக்காது, கண்டபடி எழுதினாலும் எதையாவது ஊகித்துக் காட்டிவிடும். திட்டு வாங்கணும் என்றால் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வாலிடேட்டரில் (பிழை பார்க்கும் கருவி) உங்கள் பக்கத்தைப் போடுங்கள், வரி எண்ணோடு சொல்லும்.

படம் வராததற்கு இரண்டு காரணத்தில் ஒன்றாக இருக்கலாம். சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்திருந்தால் அது உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். இல்லையென்றால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு கோப்பு.

மனப்பாடம் எல்லாம் வேண்டாம். ஓர் இருபது டேக் அடிக்கடி வரும், மற்றதை மொஸில்லாவின் எம்டிஎன் தளத்தில் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பழக்கமாக்குங்கள்: எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்பதற்காக எச்4 (நான்காம் நிலைத் தலைப்பு) போடாதீர்கள், அது உண்மையிலேயே அந்த நிலைத் தலைப்பாக இருந்தால்தான் போட வேண்டும். அளவு, நிறம் எல்லாம் தோற்றத்துக்கென்றே இருக்கும் சிஎஸ்எஸ் மொழியின் வேலை. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் தலைப்புகளை வைத்துத்தான் தாவுகிறது, நீங்கள் அழகுக்குப் போட்ட எச்4 அங்கே வேண்டாத இடத்தில் வந்து நிற்கும்.

தமிழில் எழுதுவதாக இருந்தால் இன்னொன்று. பக்கத்தின் எழுத்துக் குறியீட்டு முறை யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரியை, பக்கத்தின் தொடக்கப் பகுதியான ஹெட்டில் முதல் வரியாகவே வையுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும், தமிழிலோ ஒரு மெய்க்கும் 3 பைட், அதன் மேலுள்ள புள்ளிக்கும் 3 பைட். நீளமான தலைப்பும் விளக்கமும் முன்னால் வந்தால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அணில்வால்:
சாய்கோடேதான்! நாலு தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை. படமும் வந்துவிட்டது, கேமரா கொடுத்த பெயரில் கடைசி மூன்றெழுத்து பெரிய எழுத்தில் இருந்தது, நான் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். அரைப்புள்ளி சொன்னபடி உட்கார்ந்து எல்லாப் பி-யையும் மூடினேன். இப்போது இன்ஸ்பெக்டில் பார்த்தால் நான்காவது பத்திக்குப் பிறகு காலியாக ஒரு பி நிற்கிறது, அதை நான் எழுதவே இல்லை.

பழைய கீபோர்டு:
அந்தப் பத்தியை இரண்டு தடவை மூடியிருப்பீர்கள். திறக்காத பி-யை மூடச் சொன்னால் பிரவுசர் ஒன்றைத் திறந்து உடனே மூடிவைக்கும், அதுவும் விதிதான். கூடுதலாக இருப்பதை அழித்துவிடுங்கள், போய்விடும்.