பழைய காருக்கு வீட்டிலேயே லாக்கர் அடிக்கலாமா?

பழையசக்கரம்:
என் பழைய காரில் முன்பக்க மட்கார்டும் ஒரு கதவும் வெயிலில் வெளுத்துப் போய்விட்டன. பெட்ரோல் மூடி இருக்கும் பின்பக்கத் தகட்டில் துருப்புள்ளிகள் தெரிகின்றன. மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பெயின்ட் வாங்கி, சிறிய கம்ப்ரஸரை வைத்து நானே அடிக்கலாம் என்று இருக்கிறேன். இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயின்ட் என்றால் பயமாக இருக்கிறது. இது சரிப்படுமா?

கைவண்ணம்:
சரிப்படாது. லாக்கரில் தின்னர் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவது காய்ந்த படலம் மட்டும்தான். டூ-கேயைப் போல அது வேதிமாற்றம் அடைந்து இறுகுவதில்லை. எத்தனை ஆண்டு கழித்துத் தின்னர் பட்டாலும் கரையும், பெட்ரோல் சிந்தினால் மங்கும். நான் ஒரு வண்டி முழுவதற்கும் அடித்தேன். முதல் ஆண்டு கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாம் ஆண்டில் பானட் முழுக்க மயிரிழை விரிசல். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடியும் தொடங்கினேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

மெருகுக்காரன்:
முழுக்க மறுக்கிறேன். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு டியூபாண்ட் நிறுவனத்தின் டூகோ லாக்கரை அடித்தது. அதுவரை ஒரு காரின் வண்ணம் காய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்; லாக்கர் அதைச் சில மணி நேர வேலையாக்கியது. விரைவாகக் காய்வதுதான் வீட்டில் வேலை செய்பவருக்கும் பெரிய வரம். தூசி வந்து ஒட்டுவதற்குள் மேற்பரப்பு காய்ந்துவிடும். வழிந்துவிட்டதா? காயவிட்டு, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, மேலே இன்னொரு பூச்சு அடிக்கலாம். புதிய பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட இடத்தில் விளிம்பே தெரியாது. முதன்முதலாக ஸ்ப்ரே கன் பிடிக்கும் கைக்கு இவ்வளவு மன்னிக்கும் பெயின்ட் வேறு இல்லை.

பழையசக்கரத்தின் பயமும் நியாயமானது. டூ-கே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது ஒருவருக்கு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைத் தூண்டப் போதும். முகமூடியைத் தாண்டி உள்ளே வந்தாலும் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று தரும் முகமூடி வேண்டும். அது எத்தனை வீட்டில் இருக்கிறது?

கைவண்ணம்:
ஐசோசயனேட் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. முகமூடி இல்லாமல் டூ-கே அடிக்கச் சொல்லவில்லை, பட்டறைக்குக் கொடுக்கத்தான் சொல்கிறேன். ஆனால் லாக்கர் ஏதோ பாதுகாப்பானது என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதன் ஆவி ஒரு சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். பக்கத்து அறையில் எரியும் அடுப்பு போதும், மின் சுவிட்சின் பொறி போதும். மூடிய இடத்தில் அடித்தால் தலைசுற்றல் வரும். நைட்ரோசெல்லுலோஸ் தூளும் அது படிந்த துணியும் மூலையில் குவிந்து கிடந்தால் அதுவும் ஆபத்துதான்.

மெருகுக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன், நானே சொல்லியிருக்க வேண்டும். லாக்கருக்கும் கரி வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம். வெறும் தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது. ஒன்று கேட்கிறேன்: விரிசல் விட்ட அந்தப் பானட்டில் எத்தனை பூச்சு அடித்தீர்கள்?

கைவண்ணம்:
பதினொன்று. பழைய பெயின்ட்டின் மேலேயே. பளபளப்பு வரவில்லை என்று அடித்துக்கொண்டே போனேன்.

மெருகுக்காரன்:
காரணம் அதுதான். லாக்கர் தடிக்கத் தடிக்க வெடிக்கும். பளபளப்பு ஸ்ப்ரே கன்னிலிருந்து வருவதில்லை. நன்றாகக் காயவிட்டு, 1500, 2000 எண் உப்புத்தாளில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போடும்போதுதான் வரும்.

துருப்பகை:
இருவரும் மேற்பூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னரை நனைத்து மூன்று இடங்களிலும் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால் அது லாக்கர். இறங்காவிட்டால் இறுகிய பெயின்ட். சுருங்கி எழும்பினால் எனாமல்; அதன் மேல் லாக்கர் அடிக்கவே அடிக்காதீர்கள்.

துரு உள்ள இடத்தில் பளிச்சென்று தகடு தெரியும்வரை தேய்த்து எப்பாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) போடுங்கள். சாம்பல் நிறச் சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் பூசி மழையில் விட்டால் அடியில் துரு மீண்டும் ஓடும். என்.சி. பட்டியைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்த வேண்டாம்; சில வாரங்களில் சுருங்கி, தேய்த்த கோடுகளெல்லாம் மேலே தெரியும்.

பழையசக்கரம்:
சோதித்துவிட்டேன். கதவிலும் பின்தகட்டிலும் நிறம் துளியும் இறங்கவில்லை. மட்கார்டில் துணி முழுக்கச் சிவப்பு. முன்பு யாரோ அதற்கு லாக்கர் அடித்திருக்கிறார்கள்.

மெருகுக்காரன்:
அப்படியென்றால் மட்கார்டுக்கு லாக்கர் தாராளமாகப் பொருந்தும். கதவிலும் பெயின்ட் உறுதியாக இருக்கிறது; 600 எண் தாளில் மினுமினுப்பு போகும்வரை தேய்த்துவிட்டு அடிக்கலாம். பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் வேண்டாம். அந்த இடத்தில் கைவண்ணம் சொல்வதுதான் சரி, ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் துளி சிந்தும். புழுக்கமான நாளிலும் அடிக்காதீர்கள்; காற்றின் ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும்.

பழையசக்கரம்:
பின்தகட்டைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறேன். மட்கார்டும் கதவும் என் கையால். மழை விட்டதும் தொடங்குகிறேன்.

கைவண்ணம்:
கதவைப் பற்றி எனக்கு இன்னும் சம்மதமில்லை. வெயிலை அதிகம் வாங்கும் பக்கம் அதுவானால் இரண்டு மூன்று ஆண்டில் மங்கும். மட்கார்டிலாவது பழைய லாக்கரை முதலில் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன் தடிமன் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. என் பானட்டும் அப்படித்தான் தொடங்கியது.