கல்யாண வீட்டு டிஜே வேலைக்கு எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்? லேப்டாப்பில் ஹம் சத்தமும் வருகிறது

முகப்பு ஒலி (காரைக்குடி)

வணக்கம். அப்பா காலத்திலிருந்து மைக் செட், லைட் வாடகைக்கு விடும் தொழில் எங்களுடையது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பெரிய வீட்டுக் கல்யாணங்களும் அறுபதாம் கல்யாணங்களும்தான் எங்களுக்கு முக்கியமான வேலை. காலையில் நாதஸ்வரம், அதற்கு எங்கள் மைக் போதும். மாலை வரவேற்புக்குத்தான் இப்போது எல்லோரும் டிஜே கேட்கிறார்கள். வெளியாளைக் கூப்பிடாமல் நானே செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

கையில் இருப்பது ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், விண்டோஸ் 11, விர்ச்சுவல் டிஜே என்ற பாட்டு கலக்கும் மென்பொருள். ஹெட்போன் ஓட்டையிலிருந்து 3.5 மிமீ கேபிள் போட்டு மிக்ஸருக்குக் கொடுக்கிறேன். சார்ஜர் செருகினால் ‘உம்ம்’ என்று ஒரு சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்கவும் வழியில்லை. நண்பரின் சின்னக் கன்ட்ரோலரை (லேப்டாப் பாட்டுகளைச் சக்கரத்தாலும் குமிழாலும் இயக்கும் பெட்டி) இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பாட்டு நடுவே ‘கிர்க் கிர்க்’ என்று வெட்டியது. பணம் 35,000 வரை போடலாம். அப்பாவின் இன்னிசைக் குழுவுக்குக் குலவை, வெடிச்சத்தம், கைத்தட்டல் மாதிரியானவற்றைத் தட்டி எழுப்பவும் அதே கருவி உதவினால் நல்லது. எதை வாங்குவது?

தேவகோட்டை மைக்செட்

தம்பி, கன்ட்ரோலரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் ஹம். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் சத்தம் நிற்கிறதா? மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருகிறதா?

முகப்பு ஒலி

பிடுங்கினால் சுத்தமாக நின்றுவிடுகிறது அண்ணே. மிக்ஸர் முகப்பில் இருக்கும், அதற்கு ஜெனரேட்டர் லைன். லேப்டாப்பை உள்ளே வளவில் (நடு முற்றத்துப் பக்கம்) வைப்பேன், வீட்டு பிளக்கிலிருந்து எடுத்துக்கொள்வேன். இடையில் இருபது மீட்டர் கேபிள் ஓடுகிறது.

தேவகோட்டை மைக்செட்

அப்படியானால் இது எர்த் சுற்று. லேப்டாப் ஒரு எர்த்திலும் மிக்ஸர் இன்னொரு எர்த்திலும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் உன் ஆடியோ கேபிளின் ஷீல்டு இணைக்கிறது. இரண்டு எர்த்துக்கும் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் ஷீல்டு வழியாக மின்சாரம் ஓடி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் பாட்டோடு சேர்ந்து கேட்கின்றன. புதுக் கன்ட்ரோலர் வாங்கினாலும் இது போகாது. அதுவும் யுஎஸ்பி வழியாக அதே லேப்டாப்பின் எர்த்தில்தான் நிற்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து கேள். சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்பவர்கள் நம் தொழிலில் நிறைய. கல்யாண வீட்டில் ஈரக்கையோடு மைக் பிடிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி) வாங்கு, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், தனிக் கரண்ட் வேண்டாத பேசிவ் வகை, எர்த்தைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ளதாகப் பார். டிரான்ஸ்ஃபார்மர் ஒலியைக் காந்தப்புலம் வழியாகக் கடத்தும். லிஃப்டைப் போட்டால் இரண்டு பக்க எர்த்தும் தொடாது. அதோடு, வெளி இரைச்சலை எளிதில் இழுக்கும் அன்பேலன்ஸ்டு கேபிளை இருபது மீட்டர் இழுக்கவும் வேண்டியதில்லை. டிஐ-யிலிருந்து வெளியே வருவது அந்த இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு மைக் லெவல். உன்னிடம் இருக்கும் சாதாரண எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளிலேயே முகப்புவரை கொண்டுபோகலாம்.

பள்ளத்தூர் டிஜே

ஹம்முக்கு அண்ணன் சொன்னது சரி. இனி கன்ட்ரோலர். கடையில் ஜாக் வீல் (கையால் சுழற்றும் தட்டு) பெரிதா, பட்டன் எத்தனை கலரில் எரிகிறது என்று பார்க்காதே. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று பார்.

அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்க, வெளியே போகும் பாட்டுக்கு ஒரு ஸ்டீரியோ ஜோடி, ஹெட்போனுக்கு இன்னொரு ஜோடி, ஆக நான்கு வெளியீடுகள் வேண்டும். உன் லேப்டாப் ஓட்டையில் இருப்பது இரண்டுதான். கன்ட்ரோலருக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருந்தால் இது தீர்ந்தது. அகாய் ஏபிசி 40, நோவேஷன் லாஞ்ச்பேட் போன்றவை வேறு ஜாதி. அவை எந்தப் பட்டனைத் தொட்டோம் என்ற மிடி சைகையை மட்டும் அனுப்பும், சத்தம் வராது. அவற்றோடு தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும்.

உன் வேலைக்கு நான் சொல்வது பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. இரண்டு சேனல், உள்ளே சவுண்ட் கார்டு, யுஎஸ்பி கரண்டிலேயே ஓடும். அதைச் செருகினாலே ரெக்கார்ட்பாக்ஸ் என்ற பயோனியர் மென்பொருளின் பெர்ஃபார்மன்ஸ் (நேரடி டிஜே) பகுதி சந்தா இல்லாமல் திறந்துகொள்ளும். செராட்டோ டிஜே லைட் என்ற இன்னொரு மென்பொருளும் இலவசமாக ஓடும், ஆனால் அதில் ரெக்கார்டிங் கிடையாது. விர்ச்சுவல் டிஜே-யை வீட்டில் வைத்து விளையாடலாம், காசு வாங்கும் நிகழ்ச்சிக்கு அவர்கள் புரோ உரிமம் கேட்கிறார்கள். கன்ட்ரோலர் விலையோடு மென்பொருள் செலவையும் கூட்டித்தான் 35,000-க்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காசே போடாத வழி வேண்டுமென்றால் மிக்ஸ் (Mixxx) என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. பல கன்ட்ரோலர்களை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும், மற்றவற்றுக்கு நாமே பட்டனைக் கற்றுக்கொடுக்கலாம்.

சிவகங்கை சவுண்ட்

எனக்கு உடன்பாடு இல்லை. எஃப்எல்எக்ஸ்4-இல் ஆர்சிஏ வெளியீடு மட்டும்தான். தொழிலுக்கு இறங்குகிறவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து, டிடிஜே-1000 மாதிரி நான்கு சேனலும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும் உள்ளதாகப் பழையது ஒன்று வாங்கலாம். பெரிய சிஸ்டத்தோடு சேர அதுதான் மரியாதை. ஆர்சிஏ-வில் வருவது சுமார் 0.3 வோல்ட். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவான +4 டிபியு என்பது 1.23 வோல்ட். மிக்ஸரில் கெயினை ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும்.

பள்ளத்தூர் டிஜே

அளவு சரிதான். ஆனால் அந்த வித்தியாசம் 12 டிபி அளவுதான், நல்ல மிக்ஸர் தாங்கும். அதோடு இங்கே டிஐ பாக்ஸ் வரப்போகிறது.

நான் எஃப்எல்எக்ஸ்4 பக்கம் நிற்பதற்கு நம்ம ஊர்க் காரணம் ஒன்று உண்டு, கரண்ட். வரவேற்பு நடுவே லைன் போய் ஜெனரேட்டர் மாறும்போது அடாப்டரில் ஓடும் பெரிய கன்ட்ரோலர் அணைந்து எழும். மென்பொருளோடு மறுபடி சேரும்வரை மேடை மௌனமாக இருக்கும். யுஎஸ்பி-யில் ஓடுவதற்கு லேப்டாப் பேட்டரியே கரண்ட் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயர் திரும்ப எழுந்ததும் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். பெரிய கன்ட்ரோலர்தான் வேண்டுமென்றால் கூடவே ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தே ஆக வேண்டும்.

சிவகங்கை சவுண்ட்

ஜெனரேட்டர் விஷயம் நியாயம். யுபிஎஸ் இல்லாமல் நானும் பெரியதைச் சொல்லமாட்டேன்.

கோட்டையூர் கீபோர்டு

தம்பி, நான் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். நீ கேட்ட குலவை, வெடிச்சத்தத்துக்குத் தனிக் கருவி வாங்காதே. டிஜே கன்ட்ரோலரில் டெக்குக்கு (ஒரு பாட்டு ஓடும் பக்கத்துக்கு) எட்டு பேட் (தட்டும் பட்டன்) இருக்கும், சேமித்த சத்தத்தை எழுப்பும் சாம்ப்ளர் நிலையில் போட்டு அவற்றிலேயே எழுப்பலாம். மேடையில் தாளம் வாசிக்கத்தான் அந்த பேட் போதாது, மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் அதில் வராது. அதற்கு அழுத்தத்தை உணரும் பேட் வேண்டும். அகாய் எம்பிடி218-இல் அப்படிப் பதினாறு இருக்கின்றன. லாஞ்ச்பேட் வாங்குவதானால் எக்ஸ் அல்லது புரோ என்று கேட்டு வாங்கு, மினி அழுத்தத்தை உணராது. குழுவில் குச்சியால் தட்டும் ரிதம் பேட் வாசிப்பவர் இருந்தால், அதிலேயே சத்தங்கள் இருக்கும், லேப்டாப்பை அவர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது யாரும் கடையில் சொல்லமாட்டார்கள். நம்ம பழைய பாட்டுகளில் பல, கலைஞர்கள் சேர்ந்து வாசித்துப் பதிவானவை. வேகம் நூல் பிடித்தாற்போல் இருக்காது. சரணத்தில் கொஞ்சம் ஏறும், முடிவில் தளரும். தாளத்தைத் தானே சேர்க்கும் சிங்க் பட்டனை நம்பி இரண்டு பாட்டைச் சேர்த்தால் பத்துப் பதினைந்து வினாடியில் தாளம் பிரிந்துவிடும். அங்கே ஜாக் வீலைக் கையால் தள்ளித்தான் பிடித்துவைக்க வேண்டும். டப்பாங்குத்து இன்னும் வம்பு. ஆறு-எட்டுக் கணக்கில் ஓடுகிறதை மென்பொருள் சில நேரம் நாலு-நாலு என்று எண்ணிக்கொள்ளும், ஒன்றரை மடங்கு தப்பான பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற எண்) காட்டும். அப்போது ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நாலு பீட் தானியங்கி லூப் போட்டால் அடவு நடுவில் அறுபடும். ஆகவே லூப் இன், லூப் அவுட் இரண்டுக்கும் தனிப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, காதால் கேட்டு நீயே வெட்டிக்கொள்ளலாம். கல்யாணத்தில் ஆடப்போவது இந்தப் பாட்டுகளுக்குத்தானே, கருவியை இவற்றுக்குத்தான் சோதிக்க வேண்டும்.

முகப்பு ஒலி

ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்மார்களே. லூப் விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை. அந்த ‘கிர்க் கிர்க்’குக்கு என்ன காரணம்? இரவல் கன்ட்ரோலரை நாலு ஓட்டை ஹப்பில் செருகியிருந்தேன்.

பள்ளத்தூர் டிஜே

ஹப் முதல் சந்தேகம். யுஎஸ்பி 2.0 ஓட்டை ஒன்று 500 மில்லியாம்ப் தருவது, அதை ஹப்பில் மவுஸும் பென்டிரைவும் பங்குபோட்டால் கன்ட்ரோலர் தவிக்கும். லேப்டாப்பில் நேரடியாகச் செருகு. அடுத்தது பஃபர், அதாவது ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் அளவு. நொடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும்போது 256 பஃபர் என்றால் சுமார் 6 மில்லிசெகண்ட், 512 என்றால் 12. உன் லேப்டாப்புக்கு 512 வை. வெட்டுவது நிற்கும், கைக்கும் தாமதம் தெரியாது. கன்ட்ரோலர் நிறுவனம் தரும் ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைந்த ஒலி) டிரைவரையே தேர்ந்தெடு. விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்து, நிகழ்ச்சி நேரத்தில் வைஃபை, புளூடூத் இரண்டையும் நிறுத்து. பாட்டுகள் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். விண்டோஸின் பொது ஒலியை லேப்டாப் ஸ்பீக்கருக்கே விட்டுவிடு, இல்லையென்றால் வாட்ஸ்அப் மணி பந்தல் முழுக்கக் கேட்கும்.

தேவகோட்டை மைக்செட்

ஹெட்போன் பற்றி ஒரு வார்த்தை. வளவு வீட்டில் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் தூணும் ஒலியைத் திருப்பி அடிக்கும். உன் ஸ்பீக்கர் முகப்பில், நீ வளவில், இடையில் பதினேழு மீட்டர் என்றால் ஒலி உன்னை அடைய 50 மில்லிசெகண்ட் ஆகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாளம் சேர்த்தால் எப்போதும் பிந்தித்தான் சேர்ப்பாய். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்கு. முடிந்தால் உன் பக்கத்திலேயே ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் வை. அறிவிப்பாளர் மைக்கைக் கன்ட்ரோலரில் செருகாதே, மிக்ஸரிலேயே இருக்கட்டும். லேப்டாப் நின்றாலும் பெரியவர்கள் பேசுவது நிற்கக் கூடாது.

முகப்பு ஒலி

எஃப்எல்எக்ஸ்4-உம் ஒரு பேசிவ் ஸ்டீரியோ டிஐ-யும் என்று முடிவு செய்துவிட்டேன். பட்ஜெட் கொஞ்சம் இடித்தால் கன்ட்ரோலரைப் பழையதாக வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? எங்கள் சிஸ்டம் மோனோ, அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பள்ளத்தூர் டிஜே

பழையது வாங்கலாம், உன் லேப்டாப்பையே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வாங்கு. யுஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டும்போது தொடர்பு அறுந்தால் விட்டுவிடு. இரண்டு பாட்டுக்கும் நடுவே நகரும் கிராஸ்ஃபேடரை ஒரு ஓரம் முழுக்கத் தள்ளினால் மறுபக்கப் பாட்டு துளியும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பி, திரையில் மதிப்பு குதிக்காமல் நகர்கிறதா என்று பார். ஹெட்போன் ஓட்டையில் இரண்டு காதும் கேட்கிறதா என்று பார்க்கவும் மறக்காதே.

தேவகோட்டை மைக்செட்

மோனோ சிஸ்டத்தில் இடது பக்கத்தை மட்டும் எடுக்காதே. பல பாட்டுகளில் வலது பக்கம் ஓடும் கிட்டாரும் வயலினும் காணாமல் போகும். டிஐ-யின் இரண்டு வெளியீட்டையும் மிக்ஸரில் இரண்டு சேனலுக்குக் கொடுத்து, இரண்டின் பேன் (இடம்-வலம்) குமிழையும் நடுவில் வை. கன்ட்ரோலரிலிருந்து டிஐ-க்கு ஆர்சிஏ முதல் 6.3 மிமீ மோனோ ஜாக் கேபிள் ஒரு ஜோடி, ஒரு மீட்டருக்குள் போதும். இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.